ஒரு மாதம் வாயை மூடச் சொன்ன மகனுக்கு

மகனே, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. இது நான் வாட்ஸப்பில் அனுப்பும் இரண்டு வரி இல்லை. மேடையில் ஐந்து நிமிடம் கொடுத்தால் நாற்பது நிமிடம் பேசுகிறவள் நான் என்று ஊருக்கே தெரியும். கையில் பேனா கிடைத்தால் சும்மா விடுவேனா?

நேற்றுக் காலை பெங்களூரிலிருந்து போன் செய்தாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, எல்லாம் சரியாயிடுச்சி. அவங்க மாமா ஒத்துகினாரு. நீ இனிமே எதுவும் சொல்ல வேணாம். ஒரே ஒரு மாசம், கல்யாணம் முடியற வரிக்கும் வாய மூடிகினு இரு, போதும்" என்றாய். நானும் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நான் மறுத்துப் பேசாததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். இருபத்தொன்பது வருடம் எனக்குப் பிள்ளையாக இருந்தும் என்னைப் பற்றி நீ தெரிந்துகொண்டது இவ்வளவுதானா? அது சம்மதம் இல்லையடா. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் நின்றது என் வாழ்க்கையிலேயே நாலைந்து தடவைதான் இருக்கும், அதில் நேற்று ஒன்று.

இந்தக் கடிதம் நம் ஊர் வாரப் பத்திரிகையில் அச்சாகப் போகிறது. அதனால் படிக்கிறவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆரணியில் மூன்று முறை கவுன்சிலராக இருந்தவள், இப்போதும் இருக்கிறவள். நெசவுக்காரர் மகள், பவர்லூம் மெக்கானிக்கின் மனைவி. என் பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியாமல் போகலாம், 'தீப்பெட்டி அக்கா' என்றால் பஸ் ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் வீட்டைக் காட்டுவார்கள். என் மகனும் அவனோடு வேலை செய்யும் நித்யாவும் ஒருவரை ஒருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். நித்யாவுக்கு அப்பா இல்லை. வளர்த்ததும் படிக்க வைத்ததும் தாய்மாமன். அந்த மாமா இந்த ஊரின் பெரிய பட்டு வியாபாரி, நான் முன்பு இருந்த கட்சியில் முக்கியமானவர், எனக்கு இந்தப் பட்டப்பெயர் வரக் காரணமானவர். கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் நான் வருத்தம் தெரிவித்து ஒரு வீடியோ போட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அந்த வீடியோவில் நான் படிக்க நீயும் நான்கு வரி எழுதினாய், மகனே. 'உணர்ச்சிவசப்பட்டு நான் செய்த செயல் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்' என்று தொடங்கும் நான்கு வரி. எழுதியதை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் நமக்குள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நீ அதைக் குடும்பக் குழுவில் போட்டாய். போளூர் அத்தை உடனே கைகூப்பிய பொம்மை போட்டார். கண்ணமங்கலத்துச் சித்தப்பா 'நல்ல முடிவு' என்றார். எடுக்காத முடிவுக்கே பாராட்டு! அத்தனை பேர் நடுவில் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னவனுக்கு நான் மட்டும் உறைக்குள் ஒட்டிப் பதில் அனுப்ப வேண்டுமா?

அந்தப் பொன்னாடை விவகாரம் நடந்தபோது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். வீடியோவில் பார்த்ததுதான் உனக்குத் தெரியும். வீடியோ அரை நிமிடம். நடந்தது அதைவிடப் பெரியது. அந்த வருடம் ஐப்பசியில் மழை கொட்டி, தெருத் தெருவாகத் தறிக்குழிகளில் தண்ணீர் நின்றது. கால் வைத்து மிதிக்கும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுக்கு உதவ ஊரெல்லாம் வசூல் செய்தார்கள். வசூலான பணத்தில் அந்த நெசவாளர்களிடமே பட்டு வாங்கி, பள்ளிக் கட்டடத் திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குப் பொன்னாடையாகப் போர்த்துவது என்று ஏற்பாடு. வாங்கும் பொறுப்பு நித்யாவின் மாமாவிடம். அவர் என் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கில், "இது நம்ம ஊரு அசல் பட்டு. மழையில தவிச்ச நம்ம நெசவாளருங்க கையால நெய்ஞ்சது" என்றார். கழுத்தில் பட்டதுமே அது பட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாவு நூலுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவளுக்குக் கழுத்து சொல்லாதா? முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று நெசவாளர்களைப் பார்த்து, "உங்ககிட்டயா வாங்கினாங்க?" என்று கேட்டேன். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக, "எங்ககிட்ட யாரும் வரலீங்க" என்றார்.

பக்கத்தில் குத்துவிளக்கு. அதை ஏற்றிய தீப்பெட்டி அங்கேயே கிடந்தது. பொன்னாடையின் நடுவிலிருந்து குறுக்கே ஓடும் ஒரு ஊடு நூலை உருவிக் கொளுத்தினேன். பட்டு நூல் எரிந்தால் முடி கருகிய வாசனை வரும், சாம்பலைத் தேய்த்தால் விரலில் பொடியாகும். இது உருகிச் சுருண்டு கடுகளவு உருண்டையாகிவிட்டது. அதை அவர் உள்ளங்கையில் வைத்து, "இந்தாங்கண்ணே, உங்க அசல் பட்டு" என்றேன். அது சுட்டதில் அவர் கையை உதறியதைத்தான் நாடே பார்த்துச் சிரித்தது. கை சுட்டதற்கு வேண்டுமானால் நான் வருத்தம் தெரிவிக்கிறேன், மருந்தும் வாங்கித் தருகிறேன். மற்றபடி ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். இன்றைக்கு அதே மேடையில் அதே பாலியஸ்டரைப் போர்த்தினால் இன்றைக்கும் கொளுத்துவேன்.

அதற்கு நான் கொடுத்த விலை உனக்குத் தெரியும். கட்சியை விட்டு நீக்கினார்கள். 'வீட்டில் பவர்லூம், மேடையில் கைத்தறியா?' என்று உன் அப்பா படத்தை வைத்துச் சுவரெல்லாம் போஸ்டர். பவர்லூமில் நெய்வது குற்றம் என்று நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. பவர்லூமில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்பதும், பாலியஸ்டரைப் பட்டு என்று போர்த்துவதும்தான் குற்றம். இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்கிறவன் கேட்கத் தயாராக இருந்தால்தானே? உன் அப்பா அந்தப் போஸ்டர் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா வந்துகிது. வூட்டுக்கு ஒண்ணு கேட்டுப் பாக்கலாமா?" என்றார். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்தியதால்தான் நான் இத்தனை காலம் தாக்குப்பிடித்தேன்.

சாயத் தண்ணீர் விவகாரத்தையும் நீ அந்த நான்கு வரிகளுக்குள் மறைமுகமாகச் சேர்த்திருந்தாய், 'கடந்த காலத்தில் என் பேச்சும் நடவடிக்கைகளும்' என்று. கால்வாயில் சாயம் கலக்கிறது என்று மூன்று நகராட்சிக் கூட்டங்களில் கத்தினேன். யாரும் காது கொடுக்கவில்லை. நான்காவது கூட்டத்தில் அந்தத் தண்ணீரையே ஒரு கேனில் கொண்டுபோய், டீ வருகிற நேரத்தில் ஆளுக்கொரு டம்ளர் ஊற்றி வைத்தேன். ஒருவர் ரோஸ்மில்க் என்று நினைத்து வாய் வரை கொண்டுபோய்விட்டார். சபையை அவமதித்துவிட்டேன் என்று என்னை வெளியேற்றினார்கள். அந்தக் கால்வாயை ஒட்டிக் குடியிருக்கும் பெண்கள் அன்று மாலை எனக்கு மாலை போட்டார்கள். நான் எதற்கு வருந்த வேண்டும்?

ஆனால் நான் வருந்த வேண்டிய ஒன்று உன் விஷயத்தில் இருக்கிறது. அதை நீ அந்த நான்கு வரிகளில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் படித்திருப்பேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மேடையில், "எம் புள்ள இந்தத் தெருமுனை கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான், வேணும்னா போய்ப் பாருங்க" என்றேன். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அடுத்த நாளிலிருந்து உன் வகுப்புப் பையன்கள் உனக்கு வைத்த பெயரே 'வேணும்னா போய்ப் பாருங்க'. கணக்கு வாத்தியார் இல்லாமல் அரை வருடம் ஓடியது. வேறு பள்ளிக்கு மாற்று என்று நீ அழுதாய். நான் மாற்றவில்லை. பிள்ளையின் படிப்பு முக்கியம் என்று தெரிந்தும், மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக உன்னை அங்கேயே உட்கார வைத்தேன். பத்தாவதில் கணக்கில் நீ வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பதினொன்றாவதில் மாற்றியபோது, 'போய்ப் பார்த்தோம், பிள்ளை இல்லையே' என்று போஸ்டர் ஒட்டினார்கள். நீ இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. உன்னைக் கேட்காமல் உன்னை என் பேச்சுக்கு ஜாமீன் வைத்தேன். அது தப்புடா. இத்தனை வருடம் அதை உன்னிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பெரிய வாய் இருந்தும்.

இனி நெசவாளர் ஏகாம்பரத்தின் கதைக்கு வருகிறேன். நீ நேற்று அவ்வளவு சந்தோஷப்பட்டது இந்தக் கதையின் ஒரு துண்டைப் பார்த்துத்தான்.

பொன்னாடைக்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற இடமெல்லாம் "தீப்பெட்டி அக்கா!" என்று கூவினார்கள். நானும் கைப்பையில் ஒரு தீப்பெட்டியைப் போட்டுக்கொண்டே அலைந்தேன். கூட்டத்தில் யாராவது புடவையை நீட்டுவார்கள், நான் நூலை உருவிக் கொளுத்துவேன், கைதட்டுவார்கள். சுயேச்சையாக நான் நின்ற தேர்தலில், நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முச்சந்தியில் பிரச்சாரம். கூட்டத்தில் ஒருவன் புடவையை நீட்டி, "இது ஏகாம்பரம் வித்த பொடவ மெம்பர். பட்டுதானான்னு பாத்து சொல்லுங்க" என்றான். அவன் யார் அனுப்பிய ஆள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தும் பயனில்லை, இழுத்தது என் கை. பத்து செல்போன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. முந்தானை நுனியில் கைக்கு எட்டியதை இழுத்துக் கொளுத்தினேன். உருகி உருண்டையாயிற்று. மைக்கில் ஏகாம்பரத்தின் பெயரைச் சொன்னேன், அவர் தெருவைச் சொன்னேன், "பெரிய முதலாளி மட்டுமில்ல, நம்ம பக்கத்துலயே இருந்துகினு நம்மள ஏமாத்தறவனும் இருக்கான்" என்றேன். கூட்டத்தின் பின்னால் யாரோ கத்தினார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் என்னவென்று காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்த நூல இழுத்த?"

"முந்தான ஓரத்துல."

"ஓரத்துலன்னா, குச்சத்துலயா?"

நான் அடுத்த தோசையை ஊற்றினேன்.

"குச்சம் எல்லா வூட்லயும் பாலியஸ்டர் நூல்லதான கட்றாங்க. பொடவ பட்டாவே இருந்தாலும் குச்சத்து நூல கொளுத்தினா உருண்டையாத்தான வரும். உனுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா? கல்யாணமான புதிதில் கூலிக்கு நானே குச்சம் கட்டியிருக்கிறேன். முந்தானை முடிவில் தொங்குகிற அந்த முடிச்சுகளை எந்த நூலில் கட்டுவார்கள் என்று இந்த ஊரில் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். கைதட்டல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் கை எதை இழுக்கிறது என்று கண் பார்ப்பதில்லை. உன் அப்பா, "அப்ப ஜல்தியா போய் அதே இடத்துல சொல்லிட்டு வந்துடு" என்றார். நான் தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டு, "பத்து நாள் போவட்டும். ஓட்டுப் போட்டு முடியட்டும்" என்றேன். அவர் இரண்டாவது தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

பத்து நாள் போயிற்று, நான் ஜெயித்தேன். ஜெயித்த பிறகு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் ஒரு மாதம் போயிற்று, பிறகு வேறு வேலைகள் வந்தன. ஏகாம்பரத்திடம் புடவை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். நெய்யப் பாவு நூல் கொடுத்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்தது. காதில் விழாத மாதிரி இருந்தேன். ஊரில் உள்ள பொய்யையெல்லாம் கொளுத்துகிறவள், என் பொய்யை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

போன மாதம் நீ லீவில் வந்து, நாம் மூன்று பேரும் உன் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனோமே, அங்கே காக்கிச் சட்டை போட்டுக் கேட்டைத் திறந்தவர்தான் ஏகாம்பரம். உனக்கு அவரைத் தெரியாது. "வாங்க மெம்பர். கல்யாணமா? நல்லா இருக்கட்டும்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், பழக்கமான வேலை. உள்ளே போய்ச் சாப்பாட்டுக்கூடம், மணமகள் அறை எதுவும் என் கண்ணில் படவில்லை. "இன்னாம்மா, மண்டபம் புடிக்கலியா?" என்று நீ இரண்டு தடவை கேட்டாய். உன் அப்பாவுக்கு மட்டும் காரணம் தெரிந்தது.

நீ பெங்களூருக்குக் கிளம்பிய மறுநாள் காலையில் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தறி அப்படியே இருந்தது, ஆனால் பாவு இல்லை. அதன் மேல் போர்வையும் பிள்ளைகளின் சீருடையும் காய்ந்துகொண்டிருந்தன. நின்றபடியே சொன்னேன்: "ஏகாம்பரம், அன்னிக்கு நான் இழுத்தது குச்சத்து நூலு. தப்பு என்னோடதுதான்."

"தெரியும் மெம்பர். அன்னிக்கே கூட்டத்துல நின்னுகினு கத்தினேன். உங்க ஸ்பீக்கர் சத்தத்துல எவன் காதுல உயுந்துது?"

அவர் மனைவி மல்லிகா உள்ளேயிருந்து வந்தாள். "அது என் கையால கட்டன குச்சம்க்கா. அதுக்கப்புறம் ஒருத்தியும் குச்சம் கட்டச் சொல்லி எங்கிட்ட பொடவ தரல. ஸ்கூல்ல புள்ளைங்க பட்ட பேஜாரு இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு, சத்தம் உயர்த்தாமல் கேட்டார்: "அன்னிக்கு மைக்க புடிச்சிகினு ஊருக்கே சொன்னீங்க. இன்னிக்கு வூட்டுக்குள்ள வந்து எங்காதுல மட்டும் சொல்றீங்களே. இது இன்னா நாயம்?"

அதனால் கடந்த ஞாயிற்றுக்கிழமை அதே முச்சந்தியில், அன்று மைக் செட் வாடகைக்குக் கொடுத்த அதே ஆளிடமே வாங்கி, ஏகாம்பரத்தையும் மல்லிகாவையும் பக்கத்தில் நிறுத்திப் பேசினேன். அவர் நெய்த பழைய புடவை ஒன்றில் குச்சத்து நூல் ஒன்று, ஊடு நூல் ஒன்று உருவி, இரண்டையும் கொளுத்திக் காட்டினேன். ஒன்று உருண்டையாயிற்று. இன்னொன்று பொடியாயிற்று, முடி கருகிய வாசனை முன்வரிசை வரைக்கும் போயிற்று. "தப்பு என்னோடது. தெரிஞ்சும் பத்து நாள் வாய மூடிகினு இருந்தேன், அப்புறமும் மூடிகினே இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். "அப்ப அந்தப் பொன்னாடையும் இப்டித்தானா?" என்று ஒருவன் கத்தினான். "இல்ல. அது நடுவுல இருந்து உருவன ஊடு நூலு. அதுல எனக்கு சந்தேகமே இல்ல" என்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். என்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

மறுநாள் வந்த வீடியோவில் ஏகாம்பரம் இல்லை, மல்லிகா இல்லை, கேள்வி கேட்டவன் இல்லை. நான் 'தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க' என்று கைகூப்புவது மட்டும் இருந்தது. மேலே 'பொன்னாடை விவகாரம்: மன்னிப்புக் கேட்டார் தீப்பெட்டி அக்கா' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நித்யாவின் மாமா மனமிறங்கியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நீ போன் செய்தாய். "யாருக்குன்னு அதுல பேரே இல்லம்மா. அவரும் அவுருக்குத்தான்னு நெனச்சிகினாரு. நமக்கு இன்னா நஷ்டம்? உட்டுடேன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

நமக்கு என்ன நஷ்டம் என்று இப்போது சொல்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டால், ஏகாம்பரத்திடம் நான் கேட்ட மன்னிப்பை இன்னொருவர் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஏகாம்பரத்தின் பேர் மறுபடியும் கெட்டபடியே கிடக்கும். 'எங்ககிட்ட யாரும் வரலீங்க' என்று அன்று மேடையைப் பார்த்துச் சொன்ன நெசவாளர் பொய்யர் ஆகிவிடுவார். பாலியஸ்டர் பட்டாகிவிடும். இதெல்லாம் நான் பேசாமல் இருப்பதால் மட்டுமே நடக்கும். ஒரு தடவை பத்து நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், ஒரு மனிதர் தறியை விட்டு இறங்கி மண்டபத்தில் கேட் திறக்கப் போனார். நீ ஒரு மாதம் கேட்கிறாய். கிட்னியைக் கேள், தருகிறேன். இதைக் கேட்காதே.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. இந்தக் கடிதம் வெளியானால் மாமா கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலாம். நித்யாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே, "அத்த, அந்தத் தீப்பெட்டிய காட்டுங்க" என்று என் கைப்பையைத் துழாவியவள். உன் முகத்தில் சிரிப்பு போனால் அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் பெற்றவர் இடத்தில் இருக்கிற மாமாவை மதிப்பது வேறு, அவர் பொய்யை நம் வீட்டுச் சீராக எடுத்துக்கொண்டு போவது வேறு. அந்த வீட்டில் நீ மருமகனாக உட்கார வேண்டியவன். முதல் நாளே தலைகுனிந்து உட்காராதே. நீங்கள் இருவரும் மேஜர். மண்டபம் இல்லையென்றால் ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்கு நானும் உன் அப்பாவும் முதல் ஆளாக வந்து நிற்போம்.

நேற்று சாயங்காலம் நித்யாவுக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அத்த, எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா எங்ககிட்ட காட்டிட்டு போடுங்க. பேப்பர்ல பாத்து நாங்க தெரிஞ்சிக்கற மாதிரி வெக்காதீங்க" என்றாள். நியாயமான பேச்சு. இதை நீ ஒன்பதாவது படிக்கும்போதே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அதனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் இதை உங்கள் இருவருக்கும் அனுப்புகிறேன். உன்னைப் பற்றியும் நித்யாவைப் பற்றியும் உள்ள வரிகளில் எதை வேண்டுமானாலும் அடித்துவிடு, ஏன் என்று கேட்க மாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பத்தி அச்சில் இருந்தால், நீ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாய் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் பொன்னாடையிலும் ஏகாம்பரத்திலும் ஒரு எழுத்தின் மேல் கை வைக்காதே.

கடைசியாக, முகூர்த்தப் புடவை. அதைத் தன் கடையிலிருந்தே அனுப்பி வைப்பதாக மாமா சொன்னார் என்றாய். பெரிய மனது, நன்றி சொல்லிவிடு. பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு வேலை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். நூல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஏகாம்பரம் தறி மேல் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டுப் பாவு ஏற்றியிருக்கிறார். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க மெம்பர். கூலிக்குத்தான் நெய்யறேன்" என்றார். அது போதும் எனக்கு. தக்காளிப் பழ நிறம், நித்யாவுக்கு எடுப்பாக இருக்கும். குச்சத்தை நானே கட்டப் போகிறேன், அதையும் பட்டு நூலிலேயே. இப்போதைக்குப் பழைய துணியில் கட்டிப் பார்க்கிறேன். மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து, "பட்டு நூல்ல கட்டினா பிரிஞ்சிகினே போவும்க்கா, இன்னும் இறுக்கமா முடி" என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன், பார்த்துக்கொள்.

கல்யாணத்தன்று நான் மைக்கைத் தொட மாட்டேன், இது சத்தியம். மாமா வந்தால் கைகூப்பி வரவேற்பேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு இருக்கும், பழம், பூ, மஞ்சள், குங்குமம் இருக்கும், ஏகாம்பரம் நெய்த புடவை இருக்கும். புடவைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியும் இருக்கும். எந்த இடத்திலிருந்து எந்த நூலை வேண்டுமானாலும் மாமா உருவிப் பார்க்கலாம், குச்சம் உட்பட. சபையில் யாராவது இதென்ன அபசகுனம் என்று உன்னைக் கேட்டால், குத்துவிளக்கு ஏற்ற அம்மா வைத்தது என்று சொல்லு. விளக்கையும் அதைக் கொண்டுதான் ஏற்றுவேன்.

உன் அம்மா